பெருமையும் பணிவும்: கிண்ணியா வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாழக்கிழமைகளில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில் எங்கள் பள்ளிவாசலில் ஒரு சிறு வகுப்பு நடக்கிறது. சில மாதங்களாகப் பெருமை, பணிவு என்ற தலைப்பிலேயே பேசிக்கொண்டிருந்தோம். ஆண்கள் நேரே கேட்டார்கள். பெண்கள் கொப்பித் தாளைக் கிழித்து எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்தபோதுதான் எழுதி வைத்தால் நல்லது என்று பட்டது. நான் பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பிப்பவன். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கும் தகுதி எனக்கில்லை. குர்ஆனிலும் ஹதீஸிலும் (நபிமொழிகளிலும்) படித்ததையும், இந்த ஊரில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெருமை என்றால் என்ன? நல்ல உடுப்பு உடுத்தால், நல்ல மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் அதுவும் பெருமையா?

இந்தக் கேள்வியை நபித்தோழர் ஒருவரே கேட்டுவிட்டார். "உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவர் சுவர்க்கம் நுழைய மாட்டார்" என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது அங்கிருந்த ஒருவருக்குப் பயம் பிடித்துவிட்டது. மனிதன் தன் உடுப்பும் செருப்பும் அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறானே, அதுவுமா என்று கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று சொல்லிவிட்டு, பெருமை என்றால் உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதும்தான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

இந்த விளக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீழே வரும் எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. செருப்பு பற்றிக் கேட்டவருக்கு நபியவர்கள் செருப்பைப் பற்றிச் சட்டம் சொல்லவில்லை. ஒருவர் உண்மையைச் சொல்லும்போது என் முகம் எப்படி மாறுகிறது, என்னைவிடக் குறைந்தவர் என்று நான் நினைப்பவர் பக்கத்தில் வந்து நிற்கும்போது என் உடம்பு எங்கே நகர்கிறது, இந்த இரண்டு இடத்தையும் பார் என்று காட்டிக்கொடுத்தார்கள்.

பிள்ளை சோதனையில் பாஸ் பண்ணியதுக்கு "பெருமையாக இருக்கிறது" என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். தமிழில் "பெருமை" என்ற சொல்லுக்கு மேன்மை, மனநிறைவு என்ற நல்ல பொருளும் உண்டு; அரபியில் "கிப்ர்" என்று சொல்லும் கெட்ட பொருளும் உண்டு. மகள் ஒன்பது ஏ எடுத்தாள் என்று சந்தோஷப்பட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்வது நன்றி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஃபெயில் என்று தெரிந்துகொண்டே அந்த வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்வது வேறு விஷயம்.

இப்லீஸ் (ஷைத்தான்) செய்த பிழை என்ன? ஆதம் (அலை) அவர்களும் கட்டளையை மீறினார்களே, ஏன் ஒருவருக்கு மன்னிப்பு, மற்றவனுக்குச் சாபம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை.

குர்ஆனின் அஃராஃப் சூராவில் (அத்தியாயத்தில்) இரண்டு சம்பவங்களும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஆதமுக்கு ஸுஜூது செய்ய (சிரம் பணிய) உன்னைத் தடுத்தது எது என்று அல்லாஹ் கேட்டபோது இப்லீஸின் பதில்: "நான் அவரைவிட மேலானவன். என்னை நெருப்பால் படைத்தாய், அவரைக் களிமண்ணால் படைத்தாய்" (7:12). படைத்தவன் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. "நீ படைத்தாய்" என்றுதான் சொல்கிறான். அல்லாஹ்வை நம்பிக்கொண்டே, அவனோடு பேசிக்கொண்டே ஒருவன் விழுந்துவிட முடியும் என்பதை நினைத்தால் எனக்கு நடுங்கும். அவனை விழுத்தியது "நான் மேல்" என்ற ஒரே வார்த்தை. நெருப்பு எந்த விதத்தில் மண்ணைவிட மேல் என்று அவனிடம் ஒரு விளக்கமும் இல்லை. மண்ணில்தான் நெல் விளைகிறது. கிண்ணியாவில் வயல் செய்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆதமும் ஹவ்வாவும் பிடிபட்டபோது சொன்னது: "எங்கள் இறைவா, எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம்" (7:23). ஷைத்தான் ஏமாற்றினான் என்ற காரணம் அவர்கள் கையில் இருந்தது, உண்மையான காரணமும்கூட. அதைச் சொல்லவில்லை. பிழை இரண்டு பக்கமும் நடந்தது. பிழையைச் சுட்டியபோது ஒருவன் தன் தகுதியைப் பேசினான், மற்றவர்கள் தங்கள் தவறைப் பேசினார்கள்.

ஐந்து வேளை தொழுகிறவர்களுக்கும், மார்க்கம் படித்தவர்களுக்கும் பெருமை வருமா?

வரும். எல்லாருக்கும் முன்னால் அவர்களுக்குத்தான் வரும் என்று சொல்லத் தோன்றுகிறது. மனிதன் எதை வைத்துப் பெருமையடிக்கிறான் என்று இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) ஏழு விஷயங்களை எண்ணிக் காட்டுகிறார்: அறிவு, வணக்கம், பரம்பரை, அழகு, பலம், செல்வம், பின்னால் நிற்கும் கூட்டம். அறிவையும் வணக்கத்தையும் முதலில் வைத்திருக்கிறார் பாருங்கள். காசால் வரும் பெருமையை ஊரே கண்டுபிடித்துவிடும். ஸுப்ஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) முந்தி எழும்பித் தஹஜ்ஜத் என்ற இரவுத் தொழுகையைத் தொழுதவர், தூங்குகிற வீடுகளைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு நடக்கும்போது மனதுக்குள் வருவதை யார் காண்பது?

முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு மனிதர் இன்னொருவரைப் பற்றி, அல்லாஹ்மேல் ஆணையாக இன்னாரை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று சொல்லிவிட்டார். அல்லாஹ் கேட்டான்: நான் மன்னிக்கமாட்டேன் என்று என்மேல் ஆணையிட்டவன் யார்? அவனை மன்னித்துவிட்டேன், உன்னுடைய அமலை (நற்செயல்களை) அழித்துவிட்டேன். பள்ளிக்கு வராத இளைஞர்களைப் பற்றி நாங்கள் கதைக்கிற கதைகளை இந்த ஹதீஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு வகுப்பில் காரூனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவனுடைய செல்வம், களஞ்சியச் சாவிகள், பூமி அவனை விழுங்கியது எல்லாம் சொல்லி, "இது கஹ்ஃபு சூராவில் வருகிறது" என்றேன். முன் வரிசையில் மத்ரஸாவில் ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) ஓதும் சிறுவன் ஒருவன், பன்னிரண்டு வயதிருக்கும், மெல்லமாகச் சொன்னான்: "சேர், காரூன்ட கதை கஹ்ஃபுல இல்ல. கஸஸ்லதான் வாரது."

அவன் சொன்ன கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கஹ்ஃபில் வருவது இரண்டு தோட்டக்காரனின் கதை. நான் இரண்டையும் குழப்பிவிட்டேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "பெரியாக்கள் கதைக்கக்குள்ள குறுக்க கதைக்கப்படாது, மகன்." பின்னால் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். பையன் தலையைக் குனிந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். பெருமை அடித்தவனைப் பூமி விழுங்கிய பாடத்தை.

வீட்டுக்குப் போய்க் குர்ஆனை விரித்தேன். கஸஸ், 28:76இலிருந்து 81 வரை. "என்னிடமுள்ள அறிவால்தான் இது எனக்குக் கிடைத்தது" என்று காரூன் சொன்ன 78ஆம் வசனத்தை அன்றைக்கு என்னால் கடந்துபோக முடியவில்லை. உண்மையை மறுத்தல், மனிதரைச் சிறிதாக எண்ணுதல் என்று ஹதீஸ் சொல்லும் இரண்டையும் நான் ஒரே வாக்கியத்தில், அதுவும் பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கிறேன். மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

கிப்ர், உஜ்ப் இரண்டும் ஒன்றா?

தன் அமலைத் தானே வியந்துகொள்வது உஜ்ப். அதற்கு இன்னொரு ஆள் தேவையில்லை, தனித் தீவில் இருந்தாலும் வரும். கிப்ருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் வேண்டும். உஜ்ப் விதை, கிப்ர் மரம்.

கரண்டைக்குக் கீழே உடுப்பது பெருமையா?

பெருமைக்காக உடுப்பை இழுத்துக்கொண்டு நடப்பவரைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. தன் உடுப்பு ஒரு பக்கம் தானாக இறங்கிவிடுகிறதே என்று அபூபக்ர் (ரலி) கவலைப்பட்டபோது, நீங்கள் அதைப் பெருமைக்காகச் செய்பவர் அல்லர் என்று நபியவர்கள் சொன்னதும் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சட்ட விவரத்தில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு, தாழ்த்திக் கட்டியவரை ஏளனமாகப் பார்க்கவும் முடியும்.

கல்யாண வீட்டுச் சஹனில் (பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டில்) யாரோடும் இருந்து சாப்பிடத்தான் வேண்டுமா? சுத்தம் பார்ப்பது பெருமையாகுமா?

சுத்தம் பார்ப்பது பெருமை இல்லை. கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள், உங்கள் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடுங்கள், நோய் இருந்தால் தனித் தட்டு கேளுங்கள்.

ஆனால் நான் பார்த்தது வேறு. பாய் விரித்து, சஹன் வைத்து, சோற்றுக்கு மேல் இறைச்சியும் கத்தரிக்காய்ப் பால் கறியும் வைத்து மூடியிருக்கும். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், ஓரிடம் காலி. வெள்ளை ஜுப்பா போட்ட ஒருவர் வருகிறார், குனிகிறார், யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்க்கிறார். மீன் ஏற்றுகிற லொறியில் வேலை செய்யும் பொடியன் ஒருவனும் அதில் இருக்கிறான், நகத்தில் இன்னும் செதில். "ஆ, அங்கால கூப்பிடுறாங்க" என்று நிமிர்ந்துவிடுகிறார். யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பொடியன் தன் கையை மடிக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு வட்டத்தில் ஆறு பேர் உட்கார்ந்தால் அதில் தலைமாடு கால்மாடு கிடையாது. எங்கள் மூதாதையர் அப்படி ஒரு சாப்பாட்டு முறையை எங்களுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலும் மேல் கீழ் தேடுகிறோம்.

நான் சாய்ந்துகொண்டு சாப்பிடுவதில்லை என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆட்டுக்காலுக்கு அழைத்தாலும் போவேன் என்றார்கள். இரண்டும் புகாரியில் வருகின்றன.

ஏழைகளுக்குக் கொடுக்கும்போது போட்டோ எடுக்கிறார்களே, அது மற்றவர்களையும் கொடுக்கத் தூண்டும் என்கிறார்கள்?

தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு மேலும் நல்லது என்று குர்ஆன் சொல்கிறது (2:271). ஆகவே வெளிப்படையாகக் கொடுப்பதே தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் உங்கள் தர்மங்களை வீணாக்காதீர்கள் (2:264) என்பதும் அதே சூராதான். உலர் உணவுப் பொதியின் ஒரு பக்கத்தைக் கொடுக்கிறவரும் மறுபக்கத்தை விதவைத் தாய் ஒருவரும் பிடித்துக்கொண்டு, கமெரா "இன்னொருக்கா" என்று சொல்லும்வரை நிற்க வைப்பது நோவினை இல்லையென்றால் வேறு எது நோவினை? பொதிகளை அடுக்கிப் போட்டோ எடுங்கள். முகத்தை விட்டுவிடுங்கள்.

நல்ல குடும்பம் பார்த்துக் கல்யாணம் செய்வது தவறா?

மார்க்கம், குணம், பழக்கவழக்கம் பார்ப்பது தவறில்லை. "ஒஸ்தா வீட்டுப் பிள்ளை", "கடல் தொழில் செய்கிற வீடு", "அவங்கட மூத்த வாப்பா கூலிக்காரர்" என்று சொல்லி நல்ல பிள்ளைகளின் சம்பந்தத்தைத் தட்டிவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் கேள்வி என்றால் நேராகவே சொல்கிறேன், அது ஜாஹிலிய்யா, இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்துப் புத்தி. சுன்னத் செய்து வைக்க ஒஸ்தா வேண்டும், அவர் மகளை மருமகளாக எடுக்க மட்டும் வெட்கம். கிழக்கு மாகாணத்தில் இதைக் காணாதவர் யார்?

ஜாஹிலிய்யா என்ற சொல் நான் போட்டது இல்லை. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயை வைத்து இழிவாகப் பேசிவிட்டார். "நீர் ஜாஹிலிய்யத் உள்ள மனிதராக இருக்கிறீர்" என்றார்கள் நபியவர்கள். அபூதர் சாதாரண ஆளா? ஆரம்பத்திலேயே இஸ்லாத்துக்கு வந்தவர், உலக ஆசையைத் தூக்கி எறிந்தவர். அவருக்குள்ளும் ஒரு மூலையில் அது இருந்திருக்கிறது. பிற்காலத்தில் ரபதா என்ற இடத்தில் அவரைக் கண்டவர்கள், அவரும் அவருடைய அடிமையும் ஒரே மாதிரியான ஆடை அணிந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக் கேட்டபோதுதான் இந்தச் சம்பவத்தை அவரே சொன்னார். தன் பிழையை மறைக்காமல், அதற்குப் பரிகாரமாக உடுத்துக்கொண்டு திரிந்தார்.

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியன்று கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்ல நபியவர்கள் தேர்ந்தது குறைஷித் தலைவர் யாரையும் இல்லை. ஒருகாலத்தில் அதே ஊரில் அடிமையாக இருந்து, சுடுமணலில் கிடத்தப்பட்ட பிலாலை (ரலி).

நாங்கள் முஸ்லிம்கள் என்பதால் மற்ற மதத்தவர்களைவிட உயர்ந்தவர்கள் என்று நினைக்கலாமா?

ஈமான் அல்லாஹ் தந்த அருள். அதற்கு நன்றி சொல்வோம். அதை வைத்து மனிதரை இழிவாகப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. மேலே சொன்ன ஹதீஸில் இருக்கிற சொல் "அந்நாஸ்", மக்கள். முஸ்லிம்கள் என்று அதில் இல்லை.

திருகோணமலை போன்ற இடத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே பஸ்ஸில் தமிழரும் சிங்களவரும் நாங்களும் நெருக்கிக்கொண்டு போகிறோம். ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது யாருடைய வீட்டுக்குள் நுழைவது என்று பார்த்து வரவில்லை. ஒரு ஜனாஸா போனபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று சொல்லப்பட்டது. "அதுவும் ஓர் உயிர்தானே" என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கும் செய்தி இது. தெருவில் பறை அடித்துக்கொண்டு ஒரு சவ ஊர்வலம் போனால் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி வழிவிடுங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள்.

பணிவு என்றால் குட்டக் குட்டக் குனிவதா? கூலி தராத முதலாளியிடம் கேட்பது பணிவுக்கு எதிரா?

கேட்பது உங்கள் உரிமை. பணிவு அல்லாஹ்வுக்காகச் செய்வது. பயத்தால் வாய் மூடியிருப்பதை அந்தப் பெயரால் கூப்பிடக்கூடாது. ஃபிர்அவ்னிடம் போகச் சொன்ன அல்லாஹ், மூஸா, ஹாரூன் (அலை) இருவரிடமும் மென்மையான சொல்லால் பேசுங்கள் என்றான் (20:44). போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. "நானே உங்கள் மிக உயர்ந்த இறைவன்" என்று சொன்ன மன்னனின் முன்னால் நின்று உண்மையைச் சொன்னார்கள், குரல் மட்டும் மென்மை. கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு "பொறுமையாகப் பணிந்து போ" என்று புத்தி சொல்லப்பட்ட ஒரு சகோதரி தாளில் எழுதிக் கேட்டிருந்தார். தங்கச்சி, அடிக்குப் பணியச் சொல்லும் பாடம் இது இல்லை. அடிக்கிறவருக்குச் சொல்லப்பட வேண்டிய பாடம். உங்களுக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் இன்றே சொல்லுங்கள்.

இன்னார் பெருமைக்காரர் என்று சொல்லலாமா?

வேண்டாம். அவர் ஸலாம் சொல்லாமல் போனது காது கேளாததால் இருக்கலாம், கடன் கவலையாக இருக்கலாம். இந்த ஹதீஸ்கள் கண்ணாடி மாதிரி, நம் முகம் பார்க்க.

எனக்குள் பெருமை இருக்கிறதா என்று எப்படி அறிவது? எப்படிப் போக்குவது?

மருந்துக்கடையில் வாங்குகிற மாதிரி ஒரு மருந்து இல்லை. நான் செய்து பார்த்ததில், ஹதீஸில் உள்ள சின்னச் சின்ன வேலைகள்தான் உள்ளே இறங்குகின்றன.

வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி. உயரத்தில் இருக்கிறவர் முந்த வேண்டும். முன்பு கிண்ணியாத் துறையில் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) வரும்வரை எல்லாரும் ஒன்றாகக் காத்து நிற்போம். காரில் வந்தவரும் இறங்கி, தயிர்ச் சட்டிக்காரரோடும் விறகுக்காரரோடும் ஒரே பலகையில் நின்றுதான் அக்கரை போக வேண்டும். அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டாம், உடம்பு சுகமில்லாதவரோடு அந்தத் துறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது பெரிய நிஃமத் (அருள்). ஆனால் இப்போது கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம், யாருக்கும் ஸலாம் சொல்லும் தேவை வருவதில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள்.

வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் போவார்கள் என்றார்கள் ஆயிஷா (ரலி). கோப்பையை நீங்களே கழுவிப் பாருங்கள். மனைவி "வையுங்க, நான் கழுவுறன்" என்பார். கொடுக்காதீர்கள்.

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்குகிறவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காணவில்லை என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். அந்தப் பெண்ணின் மரணத்தைச் சின்ன விஷயமாகத் தோழர்கள் எண்ணிவிட்டார்கள் என்று அறிவிப்பாளரே சொல்கிறார். வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். இருபத்தைந்து பேரில் மூன்று பேருக்குத்தான் எங்கள் பள்ளியைக் கூட்டும் காக்காவின் (அண்ணனின்) முழுப்பெயர் தெரிந்திருந்தது. அவர் அப்போது வுழூ செய்யும் இடத்தில் பாசியை உரசிக்கொண்டிருந்தார்.

சிறியவரிடம் பிழையை ஒத்துக்கொண்டால் மதிப்புப் போகாதா? பிள்ளைகள் பயப்படாமல் போய்விடமாட்டார்களா?

அல்லாஹ்வுக்காகப் பணிந்தவரை அல்லாஹ் உயர்த்தாமல் விடுவதில்லை என்று நபியவர்கள் சொன்னார்கள், முஸ்லிமில் உள்ளது. கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) கேள்வியோடு வந்த நேரம், குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபியவர்கள் முகம் சுளித்ததைக் கண்டித்து அல்லாஹ் குர்ஆனிலேயே வசனம் இறக்கினான். அபஸ சூராவின் தொடக்கம் அது. அந்த வசனங்களை மறைக்காமல் ஓதிக்காட்டினார்கள். அதே இப்னு உம்மி மக்தூம் பின்னாளில் மதீனாவில் பாங்கு சொன்னார். எங்கள் மதிப்பு அதைவிடப் பெரிதா?

அந்தச் சிறுவனின் கதைக்கு வருகிறேன். அடுத்த கிழமை வகுப்புக்குப் போகும்போது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எல்லார் முன்னாலும் வாயடைத்துவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்பது எந்த நியாயம் என்று படி ஏறும்போது தோன்றியது. பிஸ்மி சொல்லித் தொடங்கி, "போன கிழமை காரூனின் கதை கஹ்ஃபில் என்று சொன்னேன். பிழை. கஸஸில் வருகிறது. இந்தத் தம்பி திருத்தினார், நான் பேச விடவில்லை. அதுவும் என் பிழை" என்றேன். தொண்டை வறண்டுவிட்டது. இரண்டு வசனம் சொல்ல அவ்வளவு நேரமா என்று இருந்தது. பையன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, பாயின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் குர்ஆன் பிரதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவான். நான் சூராவும் வசன இலக்கமும் சொல்லும்போது அவன் விரல் பக்கத்தின் மேல் ஓடும். சரியாக இருந்தால் அப்படியே இருப்பான். பிழை என்றால் தலையைத் தூக்குவான், நான் நிறுத்திக்கொண்டு அவனைப் பார்ப்பேன்.